வீட்டு வயரிங்கில் எதுவரை நாமே கை வைக்கலாம்?

உறையூரான் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். 1998இல் கட்டிய வீடு, சிங்கிள் ஃபேஸ், மெயினில் இன்னும் பீங்கான் ஃபியூஸ் கேரியர்தான். மூன்று வேலை நிற்கிறது. ஹால் ஃபேன் முழு வேகத்தில் வைத்தாலும் மெதுவாகச் சுற்றுகிறது. கீசர் பவர் பிளக்கில் ஒரு ஓட்டையைச் சுற்றிப் பழுப்பேறிக் கருகியிருக்கிறது. படுக்கையறைக்கு ஒன்றரை டன் ஏசி வாங்கப் போகிறோம், அதற்கு பாயின்ட் வேண்டும். சுவிட்ச், சீலிங் ரோஸ் மாற்றத் தெரியும், மல்டிமீட்டர் பிடிக்கத் தெரியும். மூன்றையும் நானே செய்யலாமா? லைசென்ஸ் உள்ளவர்தான் செய்ய வேண்டும் என்றால் எதற்கு, ஏன்? "கரண்டு விஷயம், ரிஸ்க் எடுக்காதே" என்ற பதில் வேண்டாம். காரணத்தோடு சொல்லுங்கள்.

---

மதுரை வயர்மேன்

சட்டத்தில் இருந்தே ஆரம்பிக்கலாம் சார், பலரும் நினைப்பதைவிட அது தெளிவாக இருக்கிறது. இந்திய மின்சார விதிகள் 1956, விதி 45இலேயே இது இருந்தது. பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச், வீட்டு உபயோகச் சாதனம், ஃபிட்டிங் ஆகியவற்றை மாற்றுவதற்கு லைசென்ஸ் தேவையில்லை, அந்த மாற்றம் இணைப்பின் திறனையும் தன்மையையும் மாற்றாத வரைக்கும். அதற்கு மேற்பட்ட எந்த வேலையும் லைசென்ஸ் உள்ள கான்ட்ராக்டர் மூலமாக, தகுதிச் சான்றிதழ் வைத்திருப்பவர் மேற்பார்வையில்தான் நடக்க வேண்டும். மத்திய மின்சார ஆணையத்தின் 2010 பாதுகாப்பு ஒழுங்குமுறைகளிலும் இதே கோடுதான் இருந்தது, 29ஆம் பிரிவில். 2023இல் அவற்றுக்குப் பதிலாக வந்த ஒழுங்குமுறைகளிலும் அதே கோடுதான். தமிழ்நாட்டில் மின் உரிமம் வழங்கும் வாரியம் சூப்பர்வைசருக்கு 'சி', வயர்மேனுக்கு 'பி' சான்றிதழ் கொடுக்கிறது.

உங்கள் மூன்று வேலையையும் இந்தக் கோட்டில் வைத்துப் பாருங்கள். ஃபேன் கெப்பாசிட்டர் மாற்றினால் எதுவும் மாறாது, செய்யலாம். கருகிய 16 ஆம்பியர் பிளக்குக்குப் பதில் அதே 16 ஆம்பியர் பிளக், செய்யலாம். ஏசி பாயின்ட் புது சர்க்யூட். மெயினில் ஏறும் லோடு மாறுகிறது. அது உங்கள் வேலை இல்லை.

---

பட்டறை_கோவை

ஃபேனுக்கு ஆளே கூப்பிட வேண்டாம். முதலில் ரெகுலேட்டரைச் சந்தேகப்படுங்கள். மெயினை ஆஃப் பண்ணி, ரெகுலேட்டரின் இரண்டு வயரையும் கனெக்டரில் சேர்த்துவிட்டு ஓடவிட்டுப் பாருங்கள். வேகம் வந்துவிட்டால் ரெகுலேட்டர் போச்சு. வரவில்லை என்றால் கெப்பாசிட்டர்.

மெயினை மறுபடி ஆஃப் பண்ணிவிட்டு மேல் கப்பை இறக்கினால் ராடு பக்கத்தில் சின்ன டப்பா போல இருக்கும், அதன் மேல் 2.5 மைக்ரோஃபாரட், 440 வோல்ட் என்று போட்டிருக்கும். சில மாடலில் 3.15. ஒரு வயரைக் கழற்றி, இரண்டு முனையையும் காப்பு உள்ள ஸ்க்ரூடிரைவரால் ஒருமுறை தொட்டு டிஸ்சார்ஜ் பண்ணிவிட்டு மீட்டரில் அளவு பாருங்கள். 2.5 போட்டது 1.6, 1.8 என்று காட்டினால் மாற்றுங்கள். முனைக்குக் கூட்டல் கழித்தல் கிடையாது, எப்படிப் போட்டாலும் சரி.

வேகம் கூடும் என்று 4 மைக்ரோஃபாரட் போடச் சொல்லும் கடைக்காரர் உண்டு. போடாதீர்கள். துணைச் சுருளில் கரண்டு கூடி வைண்டிங் சூடாகும், சீக்கிரமே வார்னிஷ் வாசனை வரும். ஏற்கனவே என்ன அளவோ அதுதான். மாற்றிய பிறகும் மெதுவாகவே சுற்றினால் மெயினை ஆஃப் பண்ணிவிட்டு இறக்கையைக் கையால் தள்ளிப் பாருங்கள், இறுக்கமாக இருந்தால் பேரிங். பி.எல்.டி.சி. ஃபேனாக இருந்தால் இதில் எதுவும் பொருந்தாது, அதில் உள்ளது சர்க்யூட் போர்டு.

மதுரை அண்ணன் சொன்ன சட்டத்தில் தப்பில்லை. ஆனால் நடைமுறையைச் சொல்ல வேண்டும். கான்ட்ராக்டர் கையெழுத்து ஒருவருடையது, வேலை செய்கிற கை வேறொருவருடையது. மேற்பார்வை என்பது பெரும்பாலான வீடுகளில் காகிதத்தோடு முடிகிறது. நிதானமாக, படித்துப் பார்த்து, தன் வீடு என்ற அக்கறையோடு செய்கிறவனுடைய ஜாயின்ட் அவசரத்தில் டேப் சுற்றிவிட்டுப் போகிற ஜாயின்ட்டைவிடப் பல மடங்கு மேல்.

---

நெல்லை_ஏசி

கீசர் பிளக் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை. அது ஏன் கருகியது என்று தெரியாமல் புது பிளக் போட்டால் மறுபடி கருகும்.

2 கிலோவாட் கீசர் 8.7 ஆம்பியர் இழுக்கும், 3 கிலோவாட் 13. அந்த 13 ஆம்பியர் போகும் வழியில் ஒரே ஒரு இடத்தில் 0.1 ஓம் தடை இருந்தால் போதும், 13 × 13 × 0.1, கிட்டத்தட்ட 17 வாட் வெப்பம். விரல் நுனி அளவு இடத்தில் 17 வாட். எம்சிபி (கரண்டு அளவுக்கு மேல் கூடினால் தானாக விழும் சுவிட்ச்) இதைப் பார்க்காது, ஃபியூஸும் பார்க்காது. கரண்டு கூடவில்லையே.

அந்தத் தடை எங்கிருந்து வரும்? சாக்கெட்டின் பித்தளை இதழ் விரிந்து பின்னைப் பிடிக்காமல் போயிருக்கும். அல்லது பின்னால் ஸ்க்ரூ லூஸ். அல்லது வயர் பூட்டியபோது தோலை உரிக்கையில் இழைகள் வெட்டுப்பட்டு, ஏழு இழையில் நாலு மட்டும் உள்ளே போயிருக்கும். அல்லது தோலோடு சேர்த்து ஸ்க்ரூ கடித்திருக்கும்.

செய்ய வேண்டியது: சாக்கெட், கீசரின் பிளக் டாப் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். சாக்கெட்டை மட்டும் மாற்றுவதுதான் எல்லோரும் செய்வது. சூடேறிய பின் பூச்சு போய்க் கறுத்திருக்கும், அது புது சாக்கெட்டையும் கெடுத்துவிடும். வயரைக் கருகிய இடத்தில் இருந்து பின்னால் வெட்டிக்கொண்டே வாருங்கள், செம்பு பளபளப்பாகத் தெரியும் வரை. தோல் விரலால் வளைத்தால் விரிசல் விடுகிறதா? அந்த வயர் போச்சு. நீளம் பத்தவில்லை என்று பாக்ஸுக்குள் முறுக்கி டேப் சுற்றக் கூடாது. அந்த ஓட்டத்துக்கு (சர்க்யூட்டுக்கு) புது வயர் இழுக்க வேண்டும். மாட்டிய பிறகு கீசரை அரை மணி நேரம் ஓடவிட்டு, மெயினை ஆஃப் பண்ணிவிட்டு, பிளக்கை உருவிப் பின்னைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை, கை வைக்க முடியாத சூடு என்றால் வேலை முடியவில்லை.

---

உறையூரான்

நன்றி. பிளக்கைத் திறந்து பார்த்தேன், ஸ்க்ரூ லூஸ்தான். வயர் மூணு இருபது. ஏசிக்கு இதே லைனில் இருந்து ஒரு கிளை எடுத்தால் ஆகாதா? கீசர் காலையில், ஏசி இரவில்.

---

நெல்லை_ஏசி

ஆகாது. மூணு இருபது, அதாவது 20 கேஜ் இழை மூன்று, கணக்கு போட்டால் சுமார் 2 சதுர மி.மீ.தான். இரண்டும் ஒரே நேரத்தில் ஓடாது என்பது உங்கள் பழக்கம், வயருக்குத் தெரியாது. விருந்தாளி வந்த அன்று இரண்டும் சேர்ந்து ஓடும்.

ஏசிக்கு டிபியில் (எம்சிபிகள் இருக்கும் மெயின் போர்டு) இருந்தே தனி ஓட்டம். ஃபேஸ், நியூட்ரல், எர்த் மூன்றும் 4 சதுர மி.மீ. செம்பு, ஐ.எஸ். 694 முத்திரை உள்ள எஃப்.ஆர். வயர். 20 ஆம்பியர் சி-டைப் எம்சிபி. ஏசி இடத்தில் 20 ஆம்பியர் மெட்டல் பிளக் பாக்ஸ். பழைய பைப்பில் ஏற்கனவே நாலைந்து வயர் இருந்தால் அதற்குள் திணிக்காதீர்கள். இழுக்கும்போது பெண்டில் உரசித் தோல் கிழியும், அது வெளியே தெரியாது. சுவர் மேல் கேசிங் பட்டி ஓட்டுவது அழகில்லை, ஆனால் பத்திரம்.

---

பட்டறை_கோவை

இதில் எது கைத்திறன் உள்ளவரால் செய்ய முடியாதது? வயர் அளவு சொல்லியாச்சு, எம்சிபி சொல்லியாச்சு. ஸ்பிரிங் விட்டு வயர் இழுப்பது பொறுமை வேலை. டிபியில் மூன்று முனை பூட்ட வேண்டும். பெரும்பாலான எம்சிபிக்கு ஸ்க்ரூ இறுக்கம் 2 நியூட்டன் மீட்டர் என்று அட்டையிலேயே இருக்கும். டார்க் ஸ்க்ரூடிரைவர் வைத்து இறுக்கும் வயர்மேனை யாராவது பார்த்ததுண்டா? வீட்டுக்காரர் வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

---

மதுரை வயர்மேன்

தம்பி, வயர் இழுப்பதையோ பூட்டுவதையோ நான் கஷ்டம் என்று சொல்லவே இல்லை. உங்களைப் போல ஒருவர் அதை என்னைவிட நேர்த்தியாகச் செய்வார். லோடு கணக்கு, சோதனை இரண்டும்தான் விஷயம்.

சார் வீட்டில் என்ன இருக்கும்? ஏசி 1.7 கிலோவாட், கீசர் 2, தண்ணி மோட்டார் 1 எச்.பி. என்றால் முக்கால் கிலோவாட்டுக்கு மேல், அயர்ன் பாக்ஸ் 1. இப்பவே ஐந்தரை தாண்டியாச்சு. தமிழ்நாட்டில் சிங்கிள் ஃபேஸ் 4 கிலோவாட் வரைதான். அதற்கு மேல் த்ரீ ஃபேஸ், ஈபியில் லோடு கூட்டி எழுதிக் கொடுக்க வேண்டும். சர்வீஸ் வயர், மெயின் சுவிட்ச், மீட்டர் எல்லாம் மாறும். படுக்கையறைச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவருக்கு இது கண்ணில் படாது. ஏசி ஓடும், நாலு மாதம் நன்றாகவே ஓடும். ஏப்ரல் இரவில் மெயினில் பீங்கான் கேரியர் சூடேறி ஃபியூஸ் போகும். உடனே என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும், தடிமனான கம்பியைச் சுற்றுவார்கள். 15 ஆம்பியருக்கு 0.5 மி.மீ. வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பிதான் ஃபியூஸ். வயர் துண்டில் உருவிய இழை ஃபியூஸே இல்லை.

த்ரீ ஃபேஸ் ஆனால் இன்னொரு ஆபத்து. மெயினில் நியூட்ரல் லூஸ் ஆனால் ஒரு ஃபேஸில் உள்ள சாமானும் அடுத்த ஃபேஸில் உள்ள சாமானும் 400 வோல்ட்டுக்குக் குறுக்கே தொடராக மாட்டிக்கொள்ளும். லோடு குறைவாக உள்ள பக்கம் வோல்டேஜ் ஏறி டிவி, ஃபிரிட்ஜ் போர்டு எல்லாம் ஒரே நிமிடத்தில் போகும். அந்த ஒரு நியூட்ரல் ஸ்க்ரூவுக்காகத்தான் நான் சண்டை போடுகிறேன்.

---

ஓய்வு_ஏஇ

மதுரைக்காரர் சோதனை என்று சொல்லி நிறுத்திவிட்டார். அதை எண்ணில் காட்டுகிறேன், ஏனென்றால் "எர்த் போட்டிருக்கு, எம்சிபி இருக்கு, பயமில்லை" என்ற நம்பிக்கைதான் எனக்குத் தெரிந்து மிக அபாயமானது.

நம் ஊரில் பெரும்பாலும் வீட்டு எர்த் தனி, டிரான்ஸ்ஃபார்மர் எர்த் தனி. கீசரின் காயில் கசிந்து ஃபேஸ் அதன் உடம்பைத் தொடுகிறது என்று வையுங்கள். கரண்டு உங்கள் எர்த் குழி வழியாக மண்ணில் இறங்கி டிரான்ஸ்ஃபார்மர் எர்த்தில் ஏற வேண்டும். உங்கள் குழி 5 ஓம், அங்கே 2 ஓம் என்று நல்ல நிலையாகவே எடுப்போம். 230ஐ 7ஆல் வகுத்தால் சுமார் 33 ஆம்பியர். சி-டைப் 16 ஆம்பியர் எம்சிபி உடனே விழ 80 முதல் 160 ஆம்பியர் வேண்டும். 33க்கு அது மெதுவாகச் சூடாகித்தான் விழும், அதுவரை கீசர் உடம்பில் 33 × 5, அதாவது 165 வோல்ட் அளவுக்கு நிற்கும். 20 ஆம்பியர் எம்சிபியாக இருந்தால் இன்னும் நேரமாகும்.

இது நல்ல எர்த். பல வருடம் தண்ணீர் ஊற்றாத, உப்பும் கரியும் போன குழி 50 ஓம் காட்டும். அப்போது ஓடுவது 4.4 ஆம்பியர். எந்த எம்சிபியும் எப்போதும் விழாது. குழாயைத் திறக்கும் ஆளுக்கு 220 வோல்ட்.

இந்த இடத்தில் ஆளைக் காப்பது 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் ஒன்றாக இல்லாவிட்டால், அதாவது கசிந்தால், விழும் சுவிட்ச்) மட்டுமே. அதற்கு 50 ஓம் எர்த்தும் தாராளம். 50 வோல்ட்டை 0.03ஆல் வகுத்துப் பாருங்கள், 1,600 ஓம் தாண்டும். உறையூரான் அவர்களே, மூன்று வேலை என்றீர்கள். நாலாவதுதான் முதலில் செய்ய வேண்டியது: பீங்கான் கேரியரை எடுத்துவிட்டு டிபி, அதில் 40 ஆம்பியர், 30 மில்லிஆம்பியர், டபுள் போல் ஆர்சிசிபி. இன்வெர்ட்டர் ஏசி என்றால் 'ஏ' டைப் கேளுங்கள், வெறும் 'ஏசி' டைப் அந்தச் சாதனங்களின் துடிப்பு டி.சி. கசிவைச் சரியாகப் பிடிக்காது. ஆர்சிசிபி ஓவர்லோடைத் தடுக்காது, அதற்கு எம்சிபி தனியாக வேண்டும்.

---

சுண்ணாகம்

இலங்கையில எங்கட பக்கம் இதை ட்ரிப் சுவிட்ச் எண்டுதான் சொல்லுவம். ஒரு விசயம் சேர்க்கிறன். அதில இருக்கிற டெஸ்ட் பட்டனை அமத்தினா விழுந்திட்டுது, அப்ப எர்த் நல்லம் எண்டு கனபேர் நினைக்கினம். அந்தப் பட்டன் உள்ளுக்க இருக்கிற ஒரு ரெசிஸ்டர் வழியா ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையிலதான் கசிவு காட்டுது. எர்த் வயரே இல்லாத வீட்டிலயும் அது விழும். பட்டன் சொல்லுறது சுவிட்ச் வேலை செய்யுது எண்டு மட்டும்.

---

பட்டறை_கோவை

ஏஇ ஐயா கணக்கு சரி, ஏற்கிறேன். ஆர்சிசிபி மாட்டிய பழைய வீடுகளில் அது நிற்காமல் விழுவதும், கடைசியில் அதை பைபாஸ் பண்ணிவிட்டுப் போவதும் நடக்கிறதே, அதை யார் செய்கிறார்கள்? லைசென்ஸ் உள்ளவர்கள்தான். காரணம் தேடத் தெரிந்த அமெச்சூர் அதைச் செய்ய மாட்டான்.

எல்லா எம்சிபியும் ஆஃப், இருந்தும் ஆர்சிசிபி விழுகிறதா? எங்கோ நியூட்ரலும் எர்த்தும் தொட்டுக்கொண்டிருக்கிறது. எம்சிபி ஃபேஸை மட்டும்தான் வெட்டும், நியூட்ரல் தொடர்பில் இருப்பதால் கசிவு அப்படியே இருக்கும். மெயினை ஆஃப் பண்ணி நியூட்ரல் லிங்கில் எல்லா வயரையும் கழற்றி ஒவ்வொன்றையும் எர்த்தோடு அளந்தால் எந்த ஓட்டம் என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் ஈரமான வெளிப்புற விளக்கு, அல்லது ஆணி இறங்கிய பைப்.

ஒரு எம்சிபியை ஆன் பண்ணி லோடு போட்டதும் மட்டும் விழுந்தால் நியூட்ரல் கலப்பு. ஃபேஸ் ஒரு ஓட்டத்தில் இருந்து, நியூட்ரல் பக்கத்துப் போர்டில் இருந்து. மாடிப்படி டூவே சுவிட்சில் இது சகஜம். நம் வீடுகளில் எல்லாவற்றையும்விட அதிகம் இன்வெர்ட்டர்தான். இன்வெர்ட்டருக்கு இன்புட்டை ஆர்சிசிபிக்கு முன்னால் இருந்து எடுத்திருப்பார்கள், லைட் நியூட்ரல் ஆர்சிசிபிக்குப் பின்னால் இருக்கும். போகிற கரண்டு ஒரு வழி, திரும்புகிறது ஒரு வழி. இன்புட் ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் ஆர்சிசிபிக்குப் பின்னால் மாற்றி, இன்வெர்ட்டர் ஓட்டத்தின் நியூட்ரலை மற்ற ஓட்டத்தோடு சேர்க்காமல் பிரித்தால் நிற்கும்.

---

மதுரை வயர்மேன்

கோவைத் தம்பி எழுதியதில் ஒரு எழுத்தும் தப்பில்லை. பைபாஸ் பண்ணுகிறவனிடம் சான்றிதழ் இருந்தாலும் அவன் செய்வது குற்றம்தான்.

ஒன்று சேர்க்கணும். மல்டிமீட்டரில் ஓம் பார்ப்பது காப்புச் சோதனை ஆகாது. மீட்டர் சில வோல்ட்டில் அளக்கிறது. ஈரப்பதம் ஏறிய, பாதி வெந்த தோல் அந்த வோல்ட்டில் நன்றாகக் காட்டும், 230இல் கசியும். அதற்கு 500 வோல்ட் மெகர் (அதிக வோல்ட் கொடுத்துக் காப்பை அளக்கும் மீட்டர்) வேண்டும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும், ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையில் குறைந்தது 1 மெகஓம். நல்ல வயர் அதைவிடப் பல மடங்கு காட்டும், ஒட்டி 1, 2 என்று வந்தாலே சந்தேகப்படணும்.

அப்புறம், எர்த் இல்லாத பிளக்கில் நியூட்ரலையே எர்த் பின்னுக்கு லூப் போடுவது. நாமே செய்கிறவர்களிடமும் வயர்மேன்களிடமும் ரெண்டு பக்கமும் பார்க்கலாம். நியூட்ரல் எங்காவது அறுந்தால் ஃபிரிட்ஜ் கதவு, மிக்ஸி, கீசர் எல்லாவற்றின் உடம்பிலும் முழு ஃபேஸ் வந்து நிற்கும். எந்தப் பிளக்கையும் மாற்றும்போது இந்த லூப் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

---

நெல்லை_ஏசி

நாமே செய்யும் வேலைக்கும் ஒரு விதி எழுதிவிடுகிறேன். டெஸ்டர் எரியவில்லை என்றால் கரண்டு இல்லை என்று முடிவு பண்ணாதீர்கள். நியான் டெஸ்டருக்கு உங்கள் உடம்பு வழியாகப் பாதை வேண்டும். காய்ந்த மரப் பலகை மேல் ரப்பர் செருப்போடு நின்றால் ஃபேஸ் இருந்தும் மங்கலாகத்தான் எரியும், வெயிலில் கண்ணுக்கே தெரியாது. மல்டிமீட்டரை முதலில் கரண்டு இருக்கும் பிளக்கில் வைத்து 230 காட்டுகிறதா என்று பாருங்கள், பிறகு வேலை செய்யப்போகும் இடத்தில், பிறகு மறுபடியும் கரண்டு உள்ள பிளக்கில். மூன்றாவது ரீடிங்கை விட்டால் மீட்டர் நடுவில் போயிருந்தாலும் தெரியாது. சுவிட்சை மட்டும் நம்பக் கூடாது, பழைய வீடுகளில் நியூட்ரலை சுவிட்சில் பூட்டியிருப்பார்கள். ஆஃப் பண்ணிய பிறகும் ஹோல்டரில் ஃபேஸ் இருக்கும்.

திறக்கவே கூடாதது மைக்ரோவேவ். உள்ளே கெப்பாசிட்டரில் 2,000 வோல்ட்டுக்குக் குறையாமல் இருக்கும், பிளக்கை உருவிய பிறகும் சார்ஜ் நிற்கலாம். ஏசி அவுட்டோரிலும் கெப்பாசிட்டர் டிஸ்சார்ஜ் பண்ணாமல் கை வைக்கக் கூடாது.

---

ஓய்வு_ஏஇ

மீட்டர் சீலையும் சேருங்கள். அதை லைசென்ஸ் உள்ள கான்ட்ராக்டரும் தொடக் கூடாது, மின்வாரிய ஆள் மட்டும்தான். மீட்டரில் கை வைப்பது 2003 மின்சாரச் சட்டத்தின் 135ஆம் பிரிவில் திருட்டுக் குற்றத்துக்குள் வரும். டிபி மாற்றும்போது சர்வீஸ் கட்அவுட்டை இறக்க வேண்டி வந்தால் ஈபி ஆபீஸில் சொல்லி அவர்களே வந்து இறக்கட்டும்.

---

உறையூரான்

ஃபேன் கெப்பாசிட்டர் 1.7 காட்டியது, மாற்றிவிட்டேன், சரியாகிவிட்டது. கீசர் பிளக், பிளக் டாப் இரண்டும் மாற்றுகிறேன். லோடு கூட்டுவது, டிபி, ஏசி ஓட்டம் மூன்றும் கான்ட்ராக்டர் மூலம். வருகிறவர் சரியாகத்தான் செய்தார் என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது? ஏசி சுவரில் பட்டி ஓட்டும் வேலையை நானே செய்து வைத்தால் ஒத்துக்கொள்வார்களா?

---

மதுரை வயர்மேன்

பட்டி, பாக்ஸ், துளை எல்லாம் முன்கூட்டியே செய்து வைக்கலாம் சார், கூலி குறையும், நேர்த்தியாகவும் இருக்கும். எங்கே ஓட்டுவது என்று அவரிடம் ஒருதரம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

வேலை பேசும்போதே மெகரும் எர்த் டெஸ்டரும் கொண்டு வருவாரா என்று கேளுங்கள். இல்லை என்றால் வேறு ஆள் பாருங்கள். 'பி' சான்றிதழைக் காட்டச் சொன்னால் கோபித்துக்கொள்கிறவரையும் விட்டுவிடுங்கள். முடிந்ததும் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் மெகர் ரீடிங், எர்த் ஓம், ஆர்சிசிபி எத்தனை மில்லிசெகண்டில் விழுந்தது (30 மில்லிஆம்பியரில் 300க்குள் இருக்கணும்), எல்லாவற்றையும் தேதி போட்டு டிபி கதவின் உள்பக்கம் ஒட்டச் சொல்லுங்கள். ரீடிங் எடுக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள்.

மெகர் போடும் முன் எல்இடி பல்பு, டிவி, ஃபிரிட்ஜ், ஆர்ஓ, இன்வெர்ட்டர் எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். பல்பை ஹோல்டரில் விட்டுவிட்டு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையில் 500 வோல்ட் விட்டால் பல்பின் டிரைவர் போகும், ரீடிங்கும் தப்பாக வரும். ஆர்சிசிபியின் வெளிப்பக்க வயரையும் கழற்றிவிட்டுத்தான் போடணும்.